ராவுத்தர், லெப்பை, மரைக்காயர்: இந்தப் பெயர்கள் எந்த ஊர்ச் சொல்?

கடையநல்லூர்க்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கடையநல்லூர். 2019-இல் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகும், வெளியூரில் யாராவது கேட்டால் திருநெல்வேலிப் பக்கம் என்றுதான் எங்கள் வாயில் வரும். அதனால் இந்தத் திருநெல்வேலிக் குழுவில் வந்து கேட்கிறேன்.

மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். காலேஜில் சேர சாதிச் சான்றிதழ் வேண்டும் என்று இ-சேவை மையத்துக்குக் கூட்டிப் போனேன். கம்ப்யூட்டரில் இருந்த தம்பி, "எதுன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்று திரையைத் திருப்பிக் காட்டினார். அன்சார், தக்கினி முஸ்லிம், தூதேகுலா, லெப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையது என்று ஏழு பெயர். லெப்பைக்குப் பக்கத்தில் மட்டும் ராவுத்தர், மரைக்காயர் உட்பட, பேசும் மொழி தமிழாக இருந்தாலும் உருதாக இருந்தாலும், என்று நீளமாகப் போட்டிருந்தது.

மகள் அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, "உம்மா, இதுல மாப்பிள்ளை ஒண்ணுதான் எனக்குப் புரியுது. மத்ததெல்லாம் எந்தப் பாஷை?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பின்னால் நின்ற ஒருவர், "பேரே வெளிநாட்டுப் பேருல்லாம்மா, ஆளும் அங்கேருந்து வந்ததுதான்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னது போலத் தெரியவில்லை. அவருக்கு அது தெரிந்த விஷயம், சொன்னார், அவ்வளவுதான். ஆனால் வீடு வரைக்கும் பிள்ளை வாயே திறக்கவில்லை. ராத்திரி சோறு போடும்போது, "அப்ப நாம எங்கேருந்து வந்தோம்?" என்றாள்.

என் உம்மாவின் வாப்பா தறியில் கைலி நெய்தவர். அவருடைய வாப்பாவும் அதே தறிக்குழியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்தவர்தான். வீட்டில் தமிழைத் தவிர வேறு பாஷை யாரும் பேசி நான் கேட்டதில்லை. உம்மா பிள்ளையைத் திட்டுவதும் தமிழில்தான், தூங்க வைக்கப் பாடுவதும் தமிழில்தான். அப்புறம் எப்படி எங்கள் பெயர் மட்டும் யாருக்கும் புரியாத பெயராக இருக்கிறது? இதை யார் வைத்தார்கள்? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால், மகளிடம் அப்படியே வாசித்துக் காட்டுவேன்.

பாளை மாணவன் எழுதியது:

அக்கா, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் "லப்பைக் அல்லாஹும்ம லப்பைக்" என்று சொல்லிக்கொண்டே போவார்கள் அல்லவா? "வந்துவிட்டேன், இதோ இருக்கிறேன்" என்று அர்த்தம். அந்த லப்பைக்தான் லெப்பை ஆனது என்கிறார்கள். அன்சார் அரபிச் சொல், உதவி செய்தவர்கள் என்று பொருள். மக்காவிலிருந்து வந்த நபிக்கு மதீனாவில் துணை நின்றவர்களுக்கு அந்தப் பெயர். ஷேக் என்றால் பெரியவர். சையது என்றால் தலைவர், நபியின் வழி வந்தவர்களைக் குறிக்கும். மற்றவை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. பெரியவர்கள் யாராவது வந்து சொல்லட்டும்.

அம்பை பத்திர எழுத்தர் எழுதியது:

தங்கச்சி, முப்பத்து நாலு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். சார் பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு வேப்பமரத்தடியில் பெஞ்சும் மேஜையும் போட்டு ஆரம்பித்தவன். படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. ஆனால் பழைய தாய்ப் பத்திரங்களை வாசித்து வாசித்து, இந்தப் பெயர்களோடு எனக்கு நெருங்கின பழக்கம் உண்டு. உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பழைய பத்திரத்தில் ஒருவருடைய பெயரை மட்டும் எழுதி விடமாட்டார்கள். திருநெல்வேலி ஜில்லா, இன்ன தாலுகா, இன்ன கிராமம், இன்னார் குமாரர், ஜாதி இன்னது, மதம் இன்னது, ஜீவனம் இன்னது, வயசு இத்தனை என்று ஆளை வரிசையாகக் கட்டி நிறுத்துவார்கள். ஒரு பத்திரம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து, பின்பக்கம் துணி ஒட்டி வைத்திருந்தார்கள். மசி பழுத்து மஞ்சள் ஓடியிருந்தது. விற்கிறவர் லெப்பை, ஜீவனம் நெசவு. வாங்குகிறவர் பிள்ளை. விற்பது மூன்று மரக்கால் விதைப்பாடு நஞ்சை. எல்லை எழுதும் இடத்தில், "ராவுத்தர் வயலுக்கு மேற்கு, வாய்க்காலுக்கு வடக்கு" என்று இருந்தது. அந்த வயல் இன்றைக்கு யார் யார் கைக்கோ மாறிவிட்டது, வாய்க்கால் மட்டும் ஓடுகிறது. ஆனால் அந்தப் பக்கத்து ஜனங்கள் வயலுக்கு இப்போதும் ராவுத்தர் வயல் என்றுதான் பெயர் சொல்கிறார்கள்.

சரி, ராவுத்தர் என்றால் என்ன? குதிரைக்காரர். வடமொழியில் ராஜபுத்திரன் என்பது பிராகிருதத்தில் தேய்ந்து, கன்னடத்தில் ராவுத, தெலுங்கில் ரௌத்து, மராட்டியில் ராவுத் என்று நின்றது. குதிரை ஏறிப் போர் செய்கிறவன் என்று பொருள். ஆக இது அரபியும் இல்லை, துருக்கியும் இல்லை. உங்களுக்குப் பின்னால் நின்றவர் கடலைத் தாண்டிக் கைகாட்டினார், சொல் வந்தது தக்காணத்து வழியாக.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. அருணகிரிநாதர் கந்தரலங்காரத்தில் முருகனைக் கூப்பிடும்போது, "கலாபத் தனிமயில் ஏறும் இராவுத்தனே" என்கிறார். 15-ஆம் நூற்றாண்டுப் பாட்டு. குதிரைக்குப் பதில் மயில், ஏறியிருக்கிற வீரன் ராவுத்தன். திருச்செந்தூருக்குக் காவடி எடுத்துப் போகிற கூட்டம் இந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே போகும். அந்த ஒரு சொல்லை அவர்களில் யாரும் அயல் சொல் என்று நினைத்துத் தள்ளியதில்லை. உங்கள் மகளிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

குதிரை ஏன் இத்தனை பெரிய விஷயம் என்றால், நம் நாட்டில் நல்ல குதிரை பிறக்காது. பாண்டிய ராஜாக்கள் குதிரைக்குக் கடலைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மாணிக்கவாசகர் குதிரை வாங்கக் கொண்டுபோன பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்த கதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ, காயல் என்ற துறைமுகத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்து நின்றனவாம். இடையன்குடியில் இருந்த கால்டுவெல், அந்தக் காயல் நம் தாமிரபரணி கடலில் விழுகிற இடத்துப் பழையகாயல்தான் என்று கண்டு சொன்னார். இன்றைக்குப் போனால் உப்பளமும் கருவேலமும்தான். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் அந்த மண்ணில் அரபுக் குதிரைகள் இறங்கியிருக்கின்றன. குதிரையோடு குதிரை தெரிந்தவர்களும் இறங்கினார்கள். இங்கேயே இருந்தவர்கள் அவர்களிடம் தொழில் கற்றார்கள், பெண் கொடுத்தார்கள், மார்க்கத்தில் சேர்ந்தார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றாகக் கலந்த பிறகு எந்தத் துளி எங்கேயிருந்து வந்தது என்று பிரிக்கப் பார்ப்பது, ஆற்றில் விழுந்த மழையை அள்ளித் தனியாக எடுக்கப் பார்ப்பது போல.

மரைக்காயருக்கு வருகிறேன். இதற்கு இரண்டு விளக்கம் உண்டு. மரக்கலம் உடையவர், மரக்கலராயர், அது மரைக்காயர் என்று ஆனது என்பது ஒன்று. கப்பலுக்கு அரபியில் மர்க்கப் என்று பெயர், அதிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. நான் எதற்கும் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் இரண்டிலும் கப்பல்தான் இருக்கிறது, அதைக் கவனியுங்கள். கோழிக்கோட்டு ராஜாவான சாமூதிரிக்காகக் கடலில் போர்த்துக்கீசியரோடு சண்டை போட்ட குஞ்ஞாலி மரைக்காயர்களும் இதே பெயர்க்காரர்கள்தான். கீழக்கரை சீதக்காதியும் மரைக்காயர். எட்டயபுரத்து உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடுவதற்கு அவர்தான் ஆதரவாக நின்றார்.

லெப்பைக்கு அந்தத் தம்பி சொன்ன விளக்கத்தோடு இன்னொன்றும் இருக்கிறது. அரபி என்ற சொல்லே நம் வாயில் புரண்டு லெப்பை ஆனது என்கிறவர்களும் உண்டு. எனக்கு அது கொஞ்சம் இழுத்துக் கட்டினது போலத் தெரிகிறது. காயல்பட்டினம் பக்கம் பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கிறவரை லெப்பை என்று கூப்பிடுவார்கள். ஓதுகிற வாயிலிருந்து பிறந்த பெயர் என்றால் அதற்கு லப்பைக்தான் பொருந்துகிறது. இது என்னுடைய கணிப்பு.

தக்கினி என்பது தட்சிணம், தெற்கு. தக்காணத்துக்காரர் என்று சொன்னால் முடிந்தது. தூதேகுலா தெலுங்கு. அங்கே தூதி என்றால் பஞ்சு, பஞ்சு அடிக்கிறவர்கள் என்று பொருள். நீங்கள் வாசித்த ஏழில் ஒன்று தட்சிணம், ஒன்று தெலுங்கு, மாப்பிள்ளை நம் சொல். ஒரேயடியாக வெளிநாடு என்று சொல்ல அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

பழைய பத்திரங்களில் இன்னும் இரண்டு பெயர் வரும், சோனகர், துலுக்கர் என்று. சோனகர் மிகவும் பழசு. கிரேக்கர்களில் அயோனியர் என்று ஒரு கூட்டம். பாரசீகத்தார் அவர்களை யௌன என்றார்கள், வடமொழியில் யவனர், பாலியில் யோனர். பொன்னோடு வந்து மிளகோடு போன யவனர் கப்பலை அகநானூறு பாடுகிறது. பின்னால் கிரேக்கர் வரவு நின்று அரபுக்காரர் வந்தபோது, கடல் வழியாக வருகிறவர் என்ற பழைய பெயரே அவர்களுக்கும் ஒட்டிக்கொண்டு சோனகர் ஆயிற்று. சோழர் காலத் தஞ்சைக் கல்வெட்டிலேயே சோனகன் சாவூர் பரஞ்சோதி என்று ஒருவர் இருக்கிறார். பரஞ்சோதி என்ற பெயரைப் பாருங்கள்! நம் பக்கத்தில் திருச்செந்தூர் போகிற வழியில் சோனகன்விளை என்று ஊரே இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் இன்றைக்கும் அரசாங்கக் கணக்கில் சோனகர் என்றுதான் எழுதுகிறார்கள். அங்கே ஆங்கிலத்தில் மூர் என்று போடுவது போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. அவர்களுக்கு ஆப்பிரிக்காவின் வடக்கே தெரிந்த முஸ்லிம்கள் மூர்கள். இங்கே தொழுகிறவரைப் பார்த்ததும் அதே பெயரை எடுத்து வைத்துவிட்டார்கள்.

துலுக்கர் என்பது துருக்கர். யார் துருக்கியிலிருந்து வந்தார், யார் இங்கேயே பிறந்தார் என்று பார்க்காமல் எல்லாருக்கும் சேர்த்து வைத்த பெயர். இப்போது அதை ஒருவர் முகத்துக்கு நேராகச் சொல்வது மரியாதை இல்லை, நான் பத்திரத்தில் எழுதுவதும் இல்லை. ஊர்ப் பெயரில் மட்டும் நிற்கிறது. வள்ளியூர் பக்கம் நம்பியாற்றங்கரையில் துலுக்கர்பட்டி என்று ஒரு ஊர். 2022-இல் தொல்லியல் துறை அங்கே குழி தோண்ட ஆரம்பித்தது. கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள் வந்தன. ஒரு ஓட்டில் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் "புலி" என்று கீறியிருந்தது. துலுக்கர் என்ற சொல் தமிழுக்கு வருவதற்கு எத்தனையோ காலம் முன்னால் அங்கே உட்கார்ந்து ஒருவர் பானையில் புலி என்று எழுதியிருக்கிறார். நான் பேரனைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் குழியைக் காட்டினேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பேர் வெளியூர், அதனால் ஆளும் வெளியூர் என்றால், என் மேஜையில் இருக்கிற அத்தனையும் வெளியூர்தான். அசல், நகல், வாரிசு, பாக்கி, ரத்து, ஜில்லா எல்லாம் அரபியும் பாரசீகமும் கொடுத்தது. நாங்கள் நாளைக்கு நூறு தடவை எழுதுகிற வகையறாவும் அப்படித்தான். மேஜை போர்த்துக்கீசியம், அதன் டிராயருக்குப் போடுகிற சாவியும் போர்த்துக்கீசியம். இதை வைத்துக்கொண்டு முக்காணி நஞ்சையை இன்னொரு நாட்டு நிலம் என்று எந்தப் பதிவாளரும் சொன்னதில்லை. எங்கள் தொழிலில் சொல்வதானால், இந்தப் பெயர்கள் தாய்ப் பத்திரம் இல்லை தங்கச்சி, சாட்சிக் கையெழுத்து. இன்ன காலத்தில் இன்ன தொழிலில் இவர்களைப் பார்த்தேன் என்று யாரோ ஒருவர் போட்ட கையெழுத்து. பாத்தியதை, அதாவது உரிமை, அதில் இல்லை.

வீரவநல்லூர் தறி எழுதியது:

அண்ணாச்சி எழுதியதைக் கடையில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். நாங்கள் சௌராஷ்டிரா. எங்களுக்கும் இந்தக் கேள்வி பள்ளிக்கூடத்திலேயே ஆரம்பித்துவிடும். "ஏல, நீ குஜராத்தா?" என்று கேட்பார்கள்.

எங்கள் பெயர் குஜராத்தில் இருக்கிற நாட்டின் பெயர்தான், அதில் சந்தேகம் இல்லை. நல்ல நாடு என்று அர்த்தம் சொல்வார்கள். ஆனால் தமிழ்நாட்டுக்காரர்கள் எங்களுக்கு வைத்த பெயர் பட்டுநூல்காரர். ஒன்று கிளம்பின இடத்தைச் சொல்கிறது, இன்னொன்று கையில் இருந்த தொழிலைச் சொல்கிறது. எனக்கு இரண்டாவதுதான் நெருக்கம். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். தண்ணீரைப் பனி என்போம். சின்ன வயசில் பக்கத்து வீட்டில் விளையாடிவிட்டு, "அத்தை, பனி" என்று கேட்டேனாம். மார்கழி மாசம் வேறு. அந்த அத்தை வானத்தைப் பார்த்தார்களாம், அம்மா இன்னும் சொல்வாள்.

எங்கள் ஊர்ச் செடிபுட்டா சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். பார்ப்பதற்கு ஊசியால் பூ போட்டது போல இருக்கும், ஆனால் எல்லாம் தறியிலேயே ஊடையோடு ஊடையாகக் கையால் கோர்ப்பது. ஒரு செடி, அதில் ஒரு பூ, அதற்குள் நூல் மாற்றவேண்டும், விரல் அளவு நெய்ய எத்தனை தடவை கை போய்வருகிறது என்று எண்ண முடியாது. இதில் செடி தமிழ். புட்டா வடக்கத்திச் சொல். சேலையின் பெயரிலேயே இரண்டும் சேர்ந்து இருக்கிறது, அதை ஊர் ஊராகப் போய் வீரவநல்லூர்ச் சேலை என்றுதான் விற்கிறோம். கடையநல்லூர் அக்கா, உங்கள் வீட்டிலும் தறி என்று எழுதியிருந்தீர்கள். தறிக்குழியில் இறங்கினவர்களுக்கு ஒருத்தரை ஒருத்தர் தெரியும், அதனால் எழுதினேன்.

கடையநல்லூர்க்காரி எழுதியது:

அண்ணாச்சி, மகளிடம் முழுசாக வாசித்தேன். ராவுத்தனே என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, போனில் அந்தப் பாட்டைத் தேடி எடுத்து நாலு வரியும் கேட்டாள். சாவூர் பரஞ்சோதி பெயரைக் கையில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறாள்.

இன்னும் ஒன்று கேட்கலாமா? என் வாப்பாவின் வாப்பா பினாங்கில் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தவர். சூலியா தெருவில் கடை என்று வாப்பா சொல்வார். சிங்கப்பூரிலும் சூலியா தெரு உண்டாம். நம் ஊர் ஆட்களுக்கு அங்கே சூலியா என்று பெயராம். நாங்கள் ஊரில் ஒருநாளும் எங்களைச் சூலியா என்று சொன்னதில்லை. அது என்ன பெயர்?

பினாங்கில் ஒரு தென்காசிக்காரன் எழுதியது:

நான் இருப்பது அந்தத் தெருவிலிருந்து நடக்கிற தூரம்தான், அதனால் நானே சொல்கிறேன். ஜார்ஜ் டவுனில் சூலியா தெரு இன்றும் இருக்கிறது. ஒரு முனையில் நாகூர் தர்கா பெயரில் ஒரு சின்னக் கட்டடம். கொஞ்சம் தள்ளிக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1801-இல் ஏற்பட்டது. சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் ரோட்டிலும் 1826-இல் ஏற்பட்ட ஜாமியா சூலியா பள்ளிவாசல் இருக்கிறது.

சூலியா என்று இந்தப் பக்கத்தில் கூப்பிட்டது, சோழ மண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம்களை. சோழன் என்ற சொல்தான் அப்படித் திரிந்தது என்பார்கள். அதாவது அக்கா, ஊரில் உங்கள் பெயரைக் கேட்டு அரபுநாடு என்கிறார்கள், இங்கே அதே ஆளைப் பார்த்துச் சோழநாடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கிளிங் என்பது கலிங்கத்திலிருந்து வந்தது. கலிங்கம் ஒரிசாப் பக்கம், நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? முதலில் வந்த கப்பல் எதுவோ அதன் பெயரை, பின்னால் அந்தத் திசையிலிருந்து வந்த எல்லாருக்கும் வைத்துவிட்டார்கள். இப்போது அதை ஒருவரைப் பார்த்துச் சொன்னால் வசவு, சண்டையே வரும். பள்ளிவாசல் பெயரில் மட்டும் மரியாதையாக நிற்கிறது.

மாமாக் என்று இன்னொன்று. ராத்திரி முழுக்கத் திறந்திருக்கிற நம்மவர் சாப்பாட்டுக் கடைக்கு இங்கே மலாய்க்காரர், சீனர் எல்லாரும் சொல்கிற பெயர் அது. மாமா என்பதிலிருந்து வந்தது. நம் ஊர்ப் பையன்கள் கடை முதலாளியை மாமா மாமா என்று கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு அவர்களும் கூப்பிட, அது ஒரு கூட்டத்துக்கே பெயராகிவிட்டது. இங்கே ஒரு மலாய்ப் பிள்ளையிடம் மாமாக் எந்தப் பாஷை என்று கேட்டால் தெரியாது. உங்கள் மகள் லெப்பையைப் பார்த்து விழித்தது போலத்தான் விழிக்கும்.

உங்கள் வாப்பாவின் வாப்பா காலத்தில், தோளில் காவடி போலக் கம்பு வைத்து, ஒரு பக்கம் சோற்றுப் பானை, ஒரு பக்கம் குழம்புப் பானை என்று தூக்கிக்கொண்டு துறைமுகத்தில் விற்றவர்கள் உண்டு. அந்தக் கம்புக்குக் கந்தர் என்று பெயர். நாசி கந்தர் என்ற சாப்பாடு அப்படி வந்தது. அவரும் தூக்கியிருக்கலாம், வாப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

அம்பை பத்திர எழுத்தர் எழுதியது:

பினாங்குத் தம்பி எழுதியது நெஞ்சில் நின்றது. இதைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வாலிபத்தில் நான் செங்கோட்டை வழியாகப் புனலூருக்கு வேலை தேடிப் போனேன். 1956 வரைக்கும் செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது, அந்தப் பக்கத்து ஜனம் இரண்டு பாஷையும் பேசும். ஆனால் ஆரியங்காவு தாண்டினதும் எனக்குப் பெயர் மாறிவிட்டது. பாண்டி. "பாண்டி வந்நு" என்பார்கள். என் பெயர், ஊர், ஜாதி ஒன்றும் கேட்கவில்லை, பாண்டி நாட்டிலிருந்து வந்தவன், பாண்டி. கூலி கொடுக்கிற நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. முதல் வாரம் அவமானமாக இருந்தது. ராத்திரியில் கடைத் திண்ணையில் படுத்துக்கொண்டு, நான் யார் என்று எனக்கே சொல்லிப் பார்த்துக்கொள்வேன். ஐந்து மாதத்தில் திரும்பிவிட்டேன். அந்த நோட்டு ஞாபகத்தில் இருப்பதால்தான், உங்கள் பிள்ளை வீடு வரைக்கும் பேசாமல் வந்தாள் என்று படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஆந்திராவில் நமக்கு அரவவாள்ளு என்று பெயர். போர்த்துக்கீசியர் தமிழுக்கே மலபார் பாஷை என்று பெயர் வைத்திருந்தார்கள். தமிழ் எழுத்தில் முதல் அச்சுப் புத்தகத்தை 1578-இல் கொல்லத்தில் போட்டபோதும் அந்த மலபார் என்ற பெயரைச் சேர்த்துத்தான் போட்டார்கள். மலை என்பது நம் சொல், பார் என்பது கடல் கடந்து வந்தவர்கள் ஒட்டவைத்தது. திருநெல்வேலியைத் தின்னவேலி என்று எழுதி, அந்தப் பெயரில் முத்திரை குத்தின பத்திரம் என்னிடமே இருக்கிறது. உங்கள் பிள்ளை மேலே படிக்கட்டும், படித்து முடித்ததும் ஒருநாள் அம்பைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்தப் பத்திரங்களை எடுத்துக் காட்டுகிறேன்.

கடையநல்லூர்க்காரி எழுதியது:

கட்டாயம் வருவோம் அண்ணாச்சி. சான்றிதழ் வந்துவிட்டது. லெப்பை என்று போட்டிருக்கிறது. மகள் அதை வாங்கி, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தாள்.

பினாங்குத் தம்பி, வாப்பாவிடம் கேட்டேன். கம்பு தூக்கவில்லையாம், பாத்திரம் கழுவ ஆரம்பித்துப் பிறகு அடுப்புக்குப் போனவராம். ஆனால் கடையில் எல்லாரும் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டார்களாம்.

இப்போது மகள் புது வேலை ஒன்று பிடித்துக்கொண்டாள். என் உம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தறிச் சொல் ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதுகிறாள். பாவு, ஊடை, பண்ணை, அச்சு என்று ஒரு பக்கம் நிரம்பிவிட்டது. ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடா என்ற இடத்தில் நிற்கிறாள், அது எந்தப் பாஷை என்று உம்மாவுக்குத் தெரியவில்லை. வீரவநல்லூர்த் தம்பி, உங்கள் வீட்டில் அதை என்னவென்று சொல்வீர்கள்?